உலகம்மை கொடுத்த மாத்திரை

சுடலையாண்டிக்கு முதன்முதலாக வார்த்தை தப்பியது குற்றாலத்தில், மெயினருவிக்கு முன்னால், கையில் மைக்கோடு நின்றபோது.

அவர் போலீஸ் ஏட்டு. சீசன் தொடங்கிவிட்டால் அவருக்கு அருவிக்கரையில்தான் பந்தோபஸ்து. தொண்டை கரகரப்பானாலும் கனமான குரல். அருவி இரைச்சலை மீறி அந்தக் குரல் பாலம் வரைக்கும் கேட்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். "குளிச்சவங்க வெளிய வாங்க, நிக்கவங்களுக்கு வழி விடுங்க. சோப்பு போடாதீங்க. அம்மா, நகையைப் பத்திரமா பாத்துக்கிடுங்க. ஏலே, செவப்புச் சட்ட, மேல ஏறாதலே." இதையே காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்ல வேண்டும். பல வருஷமாகச் சொல்லி வந்ததுதான்.

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மைக்கில் அவர், "சாவி போடாதீங்க" என்றார். அடுத்து, "அம்மா, நாயைப் பத்திரமா பாத்துக்கிடுங்க" என்றார். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஏட்டையா வேடிக்கை பண்ணுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. சரியாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்து மறுபடியும் நாயையே சொன்னார்.

வெளியூரிலிருந்து சீசன் டூட்டிக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "என்னய்யா, காலையிலயே ஊத்திட்டு வந்துட்டியா? ஊது" என்றார். சுடலையாண்டி சர்வீஸில் எத்தனையோ பேரை ஊதச் சொன்னவர். அன்று கூட்டத்துக்கு முன்னால் அவர் ஊதினார். வாடை எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் மைக்கை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் வந்து அவர் இதைச் சொல்லவில்லை. அவர் மனைவி உலகம்மைக்கு மறுநாள் இன்னொரு போலீஸ்காரரின் வீட்டு ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

உலகம்மை பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டு, இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். அரிசி மூட்டை இறங்குவது, முட்டை வராமல் போவது, சமையல்காரி திடீரென்று லீவு போடுவது என்று எல்லாவற்றையும் முகம் மாறாமல் சமாளிப்பவள். ஒரே மகள் அபி திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் வீட்டில் புருஷனும் பெண்சாதியும்தான். விஷயம் தெரிந்த பிறகு உலகம்மை அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்க நினைத்து "வண்டி கொண்டா" என்றார். செய்தித்தாளை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார், பக்கம் புரளவில்லை.

"ஏங்க, தலை கிலை வலிக்கா?"

"இல்லட்டி. ஒறக்கம் சரியில்ல."

அந்த வாரக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தவருக்கு வலது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. முகம் ஒரு பக்கம் கோணியது. தட்டோடு சரிந்து விழுந்தார். உலகம்மை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுத் தெருவில் ஓடி ஆட்டோ பிடித்தாள். தென்காசியில் ஸ்கேன் எடுத்தவர்கள் படத்தைக் கையில் கொடுத்து, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸி என்று ஒருவர் இருக்கிறார், மூளைக் கட்டிதான் அவருக்கு வேலையே, அதில் ஆராய்ச்சியும் செய்கிறார் என்றார்கள்.

ஆராய்ச்சி என்றதும் பயந்தது சுடலையாண்டியின் அக்கா தங்கபுஷ்பம்தான். "நம்ம ஆள வச்சுப் படிச்சுப் பாப்பாவளோ?" என்றாள். உலகம்மை துணிமணிகளை எடுத்து வைத்தாள்.

டாக்டர் ஜெஸிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான பெண்மணி. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஊர் எது என்று கேட்டார். மேலகரம் என்றதும், "எங்கம்மா வீடு கடையம்" என்றார். அதற்கப்புறம் பேச்சு கொஞ்சம் இளகியது. ஆனால் சொன்ன விஷயம் இளக்கமானது இல்லை.

"இடது பக்கம், பேச்சுக்கு உண்டான இடத்தை ஒட்டிக் கட்டி இருக்கு. படத்தப் பாத்தா மோசமான வகை மாதிரிதான் தெரியுது. எடுக்கலாம். ஆனா வேர் மாதிரி நல்ல மூளைக்குள்ளயும் பரவி இருக்கும். அதை முழுசா யாராலயும் எடுக்க முடியாது. திரும்ப வரும். எப்ப வரும்ங்கிறதுதான் கேள்வி."

உலகம்மை கேட்டாள். "எடுத்தா பேச்சு போயிருமா?"

"போயிரக் கூடாதுன்னுதான் முழிப்பா வச்சே செய்யப் போறேன். மண்டையத் திறந்தப்புறம் அவர எழுப்பிப் பேசச் சொல்லுவோம். மூளைக்கு வலி தெரியாது. சின்னதா கரண்ட் வச்சுத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். எந்த இடத்தத் தொட்டா பேச்சு நிக்குதோ, அந்த இடத்த விட்டுருவேன்."

அந்த ஆபரேஷனைப் பற்றிச் சுடலையாண்டி பிற்பாடு பலருக்குச் சொல்லியிருக்கிறார். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினாளாம். மரம், குடை, வாளி, ஆடு. இந்தப் படங்களே டாக்டர் ஜெஸி தேர்ந்து வைத்தவைதான். வெளிநாட்டுப் படங்களை வைத்துக்கொண்டு நம் ஆட்களின் பேச்சைச் சோதிக்க முடியாது என்று அவர் நம் ஊர்ப் பொருள்களாகச் சேர்த்து வைத்திருந்தார். படம் காட்டி முடிந்ததும், டாக்டர், "ஏட்டையா, உங்க வேலையில என்ன பேசுவீங்க, அதப் பேசுங்க" என்றாராம். சுடலையாண்டி மண்டை திறந்த நிலையில், கனத்த நாக்கோடு, குளிச்சவங்க வெளிய வாங்க என்று ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. "இங்க வேண்டாம்" என்று டாக்டரின் குரல் கேட்டது. உடனே பேச்சு திரும்பி வந்தது.

"தண்ணிக் குழாயத் திறந்து மூடுனது மாதிரி இருந்துச்சு" என்பார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அந்த இடத்தில் இருந்த கட்டியை டாக்டர் விட்டுவிட்டார். மற்றதை எடுத்தார்.

சதைப் பரிசோதனை முடிவு வந்தபோது பயந்தபடியே இருந்தது. இருக்கிறதிலேயே வேகமான வகை. ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே கேப்சூல், அதன் பிறகு மாதா மாதம் கேப்சூல் என்று டாக்டர் வைத்தியத்தைச் சொன்னார். இவ்வளவும் எல்லா நாட்டிலும் எல்லாருக்கும் கொடுப்பதுதான். அப்புறம் தன் மேஜையை விட்டு எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லப் போறது வேற விஷயம். கட்டாயம் கிடையாது. வேறொரு வியாதிக்குக் காலங்காலமா குடுக்கிற ஒரு பழைய மாத்திரை இருக்கு. எங்க லேப்ல இந்தக் கட்டியோட செல்லுல அதப் போட்டுப் பாத்தோம், செல் சாகுது. கண்ணாடித் தட்டுல செத்தது மனுஷனுக்குள்ள சாகுமான்னு தெரியாது. அதத்தான் பாக்குறோம். சேருறவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பாக்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஏன் டாக்டர், எல்லாத்துக்கும் நல்லதையே குடுக்கலாம்லா?"

"நல்லதான்னே தெரியலையே. எல்லாருக்கும் குடுத்துட்டா, மருந்தால நல்லா இருக்காரா, தானா நல்லா இருக்காரான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

உலகம்மை தலையாட்டினாள்.

"உலகம்மை, நல்லாக் கேட்டுக்கோங்க. இது உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தன்னு வச்ச மாத்திரை இல்ல. இது வேலை செய்யுமான்னு பாக்க வச்ச மாத்திரை. ரெண்டும் ஒண்ணு இல்ல. என்ன புரிஞ்சுது, நீங்க சொல்லுங்க."

அவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். டாக்டருக்குத் திருப்தி. ஆனால் அவள் மனதுக்குள் போய்த் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மருந்து இருக்கிறது. திரும்ப வரும் என்று சொன்ன வாயாலேயே டாக்டர் இன்னொரு மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதில் ஏதோ இல்லாமல் இருக்காது. வெளியே வந்ததும் அபியிடம் போனில், "புது மருந்து குடுக்கப் போறாவ" என்றுதான் சொன்னாள்.

சேர்வதா வேண்டாமா என்று சுடலையாண்டியைத்தான் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் வார்த்தை தேடினார். "டூட்டி போட்டா பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எடுத்த கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளவும் சம்மதம் கேட்டார்கள். அதற்கும் போட்டார்.

கதிர்வீச்சு முடியும்வரை மதுரையில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அவர் முடி ஒரு பக்கம் உதிர்ந்தது. ஸ்டீராய்டில் முகம் ஊதி, பழைய போட்டோவிலிருந்து வேறு ஆளாகத் தெரிந்தார். உலகம்மை ஸ்டவ்வில் கஞ்சி வைப்பாள், வரிசையில் காத்திருப்பாள், துவைப்பாள், அபிக்குப் போன் போடுவாள். பகல் முழுக்க ஒருவருக்காகக் காத்திருப்பது உடம்பு வேலையைவிட அலுப்பானது என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. செங்கோட்டை வண்டியில் ஊர் திரும்பிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலை தெரிந்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இறங்கி நடக்க வேண்டுமே என்று மட்டும் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் அவள் அந்த மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல கசப்பு. தங்கபுஷ்பத்திடம் போய், "மதினி, கசக்குது. மருந்துதான்" என்றாள்.

"மருந்தில்லாததுன்னா மாவு மாதிரில்லா இருக்கும்" என்றாள் தங்கபுஷ்பம். அன்றிலிருந்து அவளும் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

முதல் ஸ்கேனில் கட்டி வளரவில்லை. அடுத்ததிலும் வளரவில்லை. சுடலையாண்டி ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பார்த்தார். ஆட்களின் பெயர் மட்டும் வாயில் வராது. அபியையே சில நேரம் "நம்ம பிள்ள" என்றுதான் சொல்வார். மற்றபடி பேச்சு இருந்தது. விசாரித்தவர்களிடமெல்லாம் உலகம்மை, புது மருந்துக்குக் கட்டி கேட்கிறது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிச்சயமாகிவிட்டது.

ஆனால் வாந்தி விடவில்லை. காலையில் அந்த மாத்திரையைப் போட்ட கொஞ்ச நேரத்தில் குமட்டும். இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவார். கேப்சூல் சாப்பிடாத நாட்களிலும் அப்படித்தான். மதுரையில் கேட்டால், "பரவால்ல, சமாளிச்சுக்கிடுதாவ" என்று உலகம்மையே சொல்லிவிடுவாள். வாந்தி அதிகம் என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. ஒரு நாள் தலையணை உறையை உதறியபோது மாத்திரைகள் கீழே விழுந்தன. அவர் விழுங்குவது போல வாயில் ஒதுக்கி வைத்திருந்து துப்பியிருக்கிறார்.

அவள் அப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை. "நான் யாருக்காக லோல்படுதேன்? உங்களுக்குத்தான? ஊருல கெடைக்காத மருந்து கெடைச்சிருக்கு, துப்பி வைக்கிய!"

"முடியலட்டி" என்றார் அவர்.

"முடியும்."

மறுநாளிலிருந்து அவளே வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

ஒரு வருஷம் தாண்டி, அடுத்த சீசன் முடிகிற நேரத்தில் அவர் வலது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஜெஸி உலகம்மையையும் அபியையும் உள்ளே கூப்பிட்டார். விட்டுவைத்த இடத்திலிருந்து மட்டுமில்லை, ஆழத்தில் வேறு இடத்திலும் வந்திருந்தது.

"இன்னொரு தடவ ஆபரேஷன் செய்யலாமா?" என்று அபி கேட்டாள்.

"செய்யலாம். செஞ்சா அவர் கண்ணு முழிச்சிருக்கிற நாளெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் போகும். எனக்கு அது சரியாப் படல. எங்கப்பாவா இருந்தாலும் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்."

மாத்திரையும் அன்றோடு நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்தில் வாந்தி நின்றது. அவர் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த உலகம்மைக்குச் சந்தோஷமாக இருந்ததே தவிர, வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை. ஆள் கனமானவர். புரட்டிப் படுக்க வைக்க, துடைக்க, உடை மாற்ற என்று அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. லீவு தீர்ந்து சம்பளமில்லாத லீவில் இருந்தாள். அபி படிப்பை முடித்துவிட்டு வந்து கூட மாட நின்றாள். கார்த்திகை மாதம், நல்ல மழை நாளில், மத்தியானம் சுடலையாண்டி இறந்தார். பேச்சு கடைசி வாரம் வரைக்கும் இருந்தது. "ஏட்டி, கொஞ்சம் உக்காரேன்" என்பதைத்தான் அந்த நாட்களில் அடிக்கடி சொன்னார். அவள் உட்கார்ந்ததில்லை. ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கடந்தது. அபிக்குக் கருணை அடிப்படையில் அலுவலக வேலை கிடைத்தது. உலகம்மை பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். ஒரு சனிக்கிழமை டாக்டர் ஜெஸி போன் செய்தார். கடையத்தில் அம்மா வீட்டுக்கு வருவதாகவும், வழியில் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

தானே கார் ஓட்டி வந்தார். வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உலகம்மை காப்பி போட்டுக் கொடுத்தாள். டாக்டர் அதைக் குடித்து முடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஆராய்ச்சி முடிவு வந்துட்டு. பேப்பர்ல வாரதுக்கு முந்தி, சேந்தவங்க வீட்டுல முடிஞ்ச வரைக்கும் நேர்ல சொல்லணும்னு நெனச்சேன். அந்த மருந்து வேலை செய்யல. மருந்து சாப்பிட்டவங்களும் சாப்பிடாதவங்களும் ஒரே மாதிரிதான் இருந்தாங்க. ஒரு மாசங்கூட வித்தியாசம் இல்ல."

உலகம்மை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எத்தன வருஷம் பாத்தியம்மா இத?" என்றாள்.

"லேப்லேருந்து கணக்குப் பண்ணுனா எட்டு வருஷம்."

"அவியளுக்குக் குடுத்தது எது? இப்பத் தெரியும்லா?"

"தெரிஞ்சே ஆகணுமா?" என்றார் டாக்டர்.

"நான் நாக்குல வச்சுப் பாத்தேன். கசந்துச்சு."

"ரெண்டும் கசக்கும். தெரிஞ்சுரக் கூடாதுன்னு அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தோம்." காலி டம்ளரைக் கீழே வைத்தார். "அவருக்குக் கெடைச்சது மருந்துள்ளதுதான்."

வெளியே யாரோ பைக்கை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த வாந்தி?"

"ஒருத்தர வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மருந்துள்ளது சாப்பிட்டவங்களுக்குத்தான் வாந்தி அதிகம். அவருக்கும் அதாலதான் இருக்கணும்."

"அவிய துப்பிப் போட்டாவ. நாந்தான் வாயைத் தொறந்து போட்டேன். நாக்கத் தூக்கிப் பாத்தேன். உங்ககிட்டயும் வாந்தியச் சொல்லல."

"குடுக்கச் சொன்னது நான்" என்றார் டாக்டர்.

"இத ஏன் வந்து சொல்லுதிய?" உலகம்மையின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் பாட்டுக்கு, மருந்து கெடைச்சுது, அதனாலதான் ஒரு வருஷம் நல்லா இருந்தாவன்னு இருந்திருப்பேன்லா?"

"முடிவ மட்டும் சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன். நீங்க கேட்டீங்க. கேட்டப்புறம் மறைக்க முடியல."

"கேட்டிருக்கக் கூடாது."

உலகம்மை எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கோபம் யார் மேல் என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. டாக்டர் மேல் இல்லை. எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னவர்தான். கேட்டதும் அவள்தான், புரிந்த மாதிரி திருப்பிச் சொன்னதும் அவள்தான். எதுவும் செய்யத் தோன்றாமல், கை பழகிய வேலையாக அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது டாக்டர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. முந்தின நாள் பகலும் இரவுமாக ஆபரேஷன் என்று வந்தவுடன் சொல்லியிருந்தார். உலகம்மை மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். சுடலையாண்டி மாதிரியே எத்தனை பேருக்கு இந்த அம்மாள் மண்டையைத் திறந்திருப்பாள், அதில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த எண்ணமே அவளுக்குக் களைப்பாக இருந்தது.

எழுந்ததும் டாக்டர் வெட்கப்பட்டார். சோறும் புளிக்குழம்பும் இருந்தது. மறுக்காமல் சாப்பிட்டார்.

"இனி என்ன செய்யப் போறிய?" என்று உலகம்மை கேட்டாள்.

"திரும்ப லேப்லேருந்துதான். தட்டுல செத்தது ஆளுக்குள்ள ஏன் சாகலன்னு பாக்கணும். அந்த மருந்து கட்டி வரைக்கும் போய்ச் சேரலையோன்னு ஒரு சந்தேகம் இருக்கு." சொல்லிவிட்டு, எதையோ நினைத்தவராக நிமிர்ந்தார். "அவர்கிட்டேருந்து எடுத்தது இன்னும் எங்ககிட்ட இருக்கு. அதுலேருந்து செல்லு வளத்து வச்சிருக்கோம். வேண்டாம்னா சொல்லுங்க, எடுத்துருவோம். உங்களுக்கு அதுக்கு உரிமை இருக்கு."

உலகம்மைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "வளருதா? இப்பவுமா?"

"ஆமா."

"ஆளு சாம்பலாயாச்சு. அது மட்டும் சாகாமக் கெடக்கா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வச்சுக்கிடுங்க" என்றாள் உலகம்மை. "என்ன வேணும்னாலும் ஊத்துங்க அதுல. எதுல சாவுதுன்னு பாருங்க. விட்டுராதிய."

டாக்டர் போன பிறகு அவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அபிக்கு மெதுவாகச் சொன்னாள். அபி அழுதாள். தங்கபுஷ்பத்திடம் சொல்லவே இல்லை. தம்பி நல்ல மருந்து சாப்பிட்டு ஒரு வருஷம் கூடுதலாக இருந்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் கடையநல்லூரிலிருந்து ஜன்னத் என்றொரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். டாக்டர் ஜெஸி உலகம்மையிடம் கேட்டுக்கொண்டுதான் அவளை அனுப்பியிருந்தார். அவள் புருஷனுக்கும் அதே கட்டி. ஆபரேஷன் முடிந்திருந்தது. இப்போது வேறொரு மருந்தை வேறு விதமாகக் கொடுத்துப் பார்க்கிறார்களாம், அதில் சேரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க சேந்தியளாமே. எங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நாங்க சேரலாமா?"

"டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

ஜன்னத் சொன்னாள். பாதிப் பேருக்கு உண்டு, பாதிப் பேருக்கு இல்லை, யாருக்கு எது என்று தெரியாது. ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எப்படியும் புது மருந்துதானக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

உலகம்மை அவளையே பார்த்தாள். "நானும் இப்படித்தான் ஒழுங்காச் சொன்னேன். உள்ளுக்குள்ள வேற நெனச்சிருந்தேன். கேளும்மா, பொழைச்சுருவாவன்னு நெனச்சுச் சேராத. அதுக்குச் சேருறதா இருந்தா வேண்டாம். அவியளுக்குச் சம்மதமா, அவியளே கேட்டுச் சேருதாவளா, அப்படின்னாச் சேரட்டும்."

"நீங்க சேந்தது தப்புன்னு நெனைக்கியளாக்கா?"

"தெரியல. சேரலன்னாலும் போயிருப்பாவ. வாந்தி இல்லாமப் போயிருப்பாவ. ஆனா அது ஒண்ணுக்கும் ஆவாத மருந்துன்னு தெரிஞ்சிருக்காது, உன் வீட்டுக்காரருக்கும் அதையே குடுத்துக்கிட்டு இருந்திருப்பாவ. என்னத்தச் சொல்ல?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அவருக்கு என்ன செஞ்சாலும், வாந்தியோ வலியோ, அன்னைக்கே டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு. மாத்திரைய நிறுத்திருவாவளோன்னு மறைக்காத. அவரு முடியலன்னு சொன்னா, முடியலன்னு எடுத்துக்கோ."

ஜன்னத் சரி என்றாள். கிளம்பும்போது அழுதாள். உலகம்மை பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள்.

ஜன்னத்தின் புருஷன் யோசித்துவிட்டுச் சேர்ந்தார். இப்போது மதுரையில் கதிர்வீச்சு நடக்கிறது. சில நாட்களில் சாயங்காலம் ஜன்னத் போன் செய்வாள். உலகம்மைக்கு அந்த நேரத்தில் பேச உடம்பு வணங்காது, பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள். ஆனாலும் எடுப்பாள். "இன்னைக்கு என்ன சாப்பிட்டாரு?" என்று முதலில் கேட்பாள். ஜன்னத் சொல்லிக்கொண்டு போவாள். அப்புறம், "நீ என்ன சாப்பிட்ட? கொஞ்சம் உக்காந்தியா?" என்று கேட்பாள்.